குறைத்தால் போதுமா?

குடும்ப நலக் கூட்டத்தில் நலக் கல்வியாளர் ஆற்றிய பேச்சு



குடும்ப நலக் கூட்டம், கணவனும் மனைவியும் சேர்ந்து வரவேண்டும் என்று செவிலியர் அம்மா வீடு வீடாகச் சொல்லி வந்தார். "ஆபரேஷனைப் பத்தித்தான் பேசப் போறாக" என்று நினைத்துச் சில ஆண்கள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், முன்னால் வாருங்கள். இன்று அந்தப் பேச்சு இல்லை. இன்று பேசப் போவது பீடி, சிகரெட்டைப் பற்றி. இதுவும் குடும்ப நலம்தான். ஒருவர் குடிக்கிற பீடியின் புகை அவரோடு நின்றுவிடுவதில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை வரைக்கும் போகிறது.

"புகை நமக்குப் பகை" என்று நீங்கள் நூறு தரம் கேட்டிருப்பீர்கள். சினிமாக் கொட்டகையில் படம் தொடங்கும் முன் காட்டுகிறார்கள். பீடிக் கட்டின் மேலேயே படம் போட்டு எச்சரிக்கிறார்கள். அதையே நானும் திருப்பிச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. விட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படி விடுவது என்பதுதான் தெரிய வேண்டும்.

கூட்டம் தொடங்கும் முன்னே ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டார்: "சார், எங்க வீட்ல உள்ளவுக முன்னாடி தெனமும் ரெண்டு கட்டு பீடி குடிப்பாக. இப்பம் அரைக் கட்டுதான். இது போதுமா சார்?" பக்கத்தில் நின்ற அண்ணாச்சி, "கொறச்சிட்டம்லா, இன்னும் என்ன செய்யச் சொல்லுத?" என்றார். இருவர் முகத்தையும் பார்த்தேன். இது வீட்டில் பல நாளாக நடக்கிற பேச்சு என்று தெரிந்தது. அவர்களுக்கு மட்டும் பதில் சொல்லி அனுப்பாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

குறைத்தது நல்ல காரியம். அந்த அண்ணாச்சியைப் பாராட்டுகிறேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால் போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

கட்டிப் போடுவது ஒன்று, கொல்வது வேறொன்று

பீடிப் புகையில் ஆயிரக்கணக்கான பொருள்கள் உண்டு. நாம் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று நிகோடின். இரண்டு தார், அதாவது நுரையீரலில் கரிப்பிசின் போல் படிகிற அழுக்கு. மூன்று கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு.

நிகோடின்தான் நம்மைக் கட்டிப் போடுகிற கயிறு. புகையை இழுத்த பத்து, இருபது நொடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். போனவுடன் ஒரு தெளிவு, ஒரு நிம்மதி தெரியும். கொஞ்ச நேரத்தில் அது இறங்கும். இறங்கினதும் எரிச்சல் வரும், கை பரபரக்கும், அடுத்த பீடியைத் தேடும். "பீடி குடிச்சாத்தான் எனக்கு வேலை ஓடும்" என்று சொல்கிறோமே, அந்தக் கஷ்டத்தைக் கொடுப்பதும் பீடி, அதைத் தீர்ப்பதும் பீடி. வட்டிக்குக் கொடுத்தவனே மறுபடியும் கடன் கொடுக்கிற கதை.

புற்றுநோயையும் நுரையீரல் நோயையும் கொண்டுவருவது பெரும்பாலும் தாரும் புகையில் உள்ள மற்ற நஞ்சுகளும். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருதயத்துக்குப் பாரம் ஏற்றுகிறது. ஆகக் கட்டிப் போடுவது நிகோடின், கொல்வது புகை. இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பின்னால் சொல்லப் போகிற மருந்தெல்லாம் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "சிகரெட்டுதான் கெடுதல், பீடி இலையில சுத்தினது, ஒண்ணும் செய்யாது" என்பார்கள். பீடியில் தூள் கொஞ்சம்தான். ஆனாலும் அது அடிக்கடி அணைந்து போவதால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. நிகோடின், தார், நச்சு வாயு மூன்றும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகின்றன. பீடியை விட்டுச் சிகரெட்டுக்கு மாறினாலும், சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறினாலும், "லைட்" என்று எழுதிய சிகரெட்டுக்கு மாறினாலும் பலன் இல்லை. புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வதும் மாற்று அல்ல. அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் தாய்மார்கள் பீடித் தட்டை மடியில் வைத்துத்தான் குடும்பம் நடத்துகிறீர்கள். உங்கள் பிழைப்பைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தூளின் நிகோடின் கைத்தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறும். காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து சுற்றுங்கள். எழுந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சோறு பிசையுங்கள், பிள்ளைக்குப் பால் கொடுங்கள். தொட்டிலைத் தட்டுக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள்.

என் சொந்தக் கதை

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நானும் சிகரெட் குடித்தவன்தான். சுகாதாரக் கல்வியில் பட்டயம் வாங்கி, ஊர் ஊராகப் போய் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் நின்று பற்ற வைத்தவன். ஒரு நாளைக்குப் பதினைந்து. கூட்டத்துக்கு முன்னால் ஏலக்காய் மென்றுகொள்வேன். மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் உள்ளவளுக்குத் தெரியாதா?

மகள் பிறந்த பிறகு குறைக்கத் தொடங்கினேன். பதினைந்து பத்தாச்சு, பத்து ஐந்தாச்சு. ஐந்தில் வந்து நின்றேன். நின்றது ஒரு வருஷம் இல்லை, நாலு வருஷம். பெருமையாக இருந்தது. ஒரு நாள் ராத்திரி இருமல் நிற்காமல் எழுந்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "எண்ணிக்கைதாங்க கொறஞ்சிருக்கு. இருமல் கொறயலியே." அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அமைதியாகச் சொன்னதால் பதில் வரவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. பதினைந்து குடித்த காலத்தில் பாதியில் எறிவேன். ஐந்தாகக் குறைத்ததும் ஒவ்வொன்றையும் விரல் சுடுகிற வரைக்கும் ஆழமாக இழுத்துக் குடித்தேன். உடம்பு தனக்கு வேண்டிய நிகோடினை எப்படியாவது வாங்கிக்கொள்கிறது. எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஆனாலும், உள்ளே போன நஞ்சு மூன்றில் ஒரு பங்கு ஆகவில்லை.

இருதயத்தின் கணக்கு இன்னும் மோசம். பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். நாள்தோறும் 20 சிகரெட் குடிப்பவருக்கு இருதய நோய் அபாயம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறையப் பாதி, ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்குதான் இருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. பாதி.

அதனால்தான் சொல்கிறேன், குறைப்பது வழி. போய்ச் சேர வேண்டிய ஊர் அது அல்ல. திருச்செந்தூருக்குக் கிளம்பினவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டு "நானும் போய்ட்டு வந்தேன்" என்று சொல்ல முடியுமா?

கம் என்பது என்ன?

இப்போது உதவிக்கு வருவோம். நிகோடின் கம் என்று மருந்துக் கடைகளில் விற்கிறார்கள். மென்று அடக்கிக்கொள்கிற சூயிங்கம் போன்றது. இது பிறந்தது ஸ்வீடன் நாட்டில். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகை பிடிக்க முடியாது. அங்கே வேலை பார்த்தவர்கள் புகைக்குப் பதிலாகப் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்தார்கள். இதைக் கவனித்தவர்கள், புகையும் புகையிலையும் இல்லாமல் நிகோடினை மட்டும் கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன என்று 1960-களின் கடைசியில் ஆராயத் தொடங்கினார்கள். 1978-ல் சுவிட்சர்லாந்திலும் 1984-ல் அமெரிக்காவிலும் மருந்தாக அனுமதி கிடைத்தது. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் நம் இந்திய அரசின் பட்டியலிலும் நிகோடின் மாற்று மருந்து சேர்ந்தது. ஆகவே இது ஏதோ புதுச் சரக்கு அல்ல. நாற்பது வருஷத்துக்கு மேல் பழகின மருந்து.

"நிகோடினை விடுவதற்கு நிகோடினையே கொடுப்பதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கம்மில் தார் இல்லை, நச்சு வாயு இல்லை. நிகோடினும் மூளைக்குப் பாய்ந்து போவதில்லை. வாய்த்தோல் வழியாக மெதுவாக ஏறுகிறது. அரை மணி நேரம் ஆகும். பீடி கொடுக்கிற சுகத்தை அது கொடுக்காது. ஆனால் பீடி இல்லாத எரிச்சலைத் தணிக்கும். கயிற்றை ஒரே வெட்டாக வெட்டாமல் இழை இழையாகப் பிரிக்கிற வேலை அது.

நான் முதலில் வாங்கி வந்து கெடுத்துக்கொண்டேன். மிட்டாய்க் கடைச் சூயிங்கம் மாதிரி மளமளவென்று மென்றேன். எச்சிலை விழுங்கினேன். ஐந்து நிமிஷத்தில் விக்கல், நெஞ்செரிச்சல். "இது நமக்கு ஒத்துக்காது" என்று தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் சிகரெட்டுக்குப் போனேன். இரண்டாம் தடவை ஒரு டாக்டர் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தாய்மார்களும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் சொல்லலாம்.

ஒரு கம்மை வாயில் போட்டு மெதுவாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகு கடித்தது போல் ஒரு காரம், ஒரு சுறுசுறுப்பு தெரியும். உடனே மெல்லுவதை நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கிக்கொள்ளுங்கள். வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரம் அடங்கினதும் மறுபடி நாலு மெல்லு மென்று, அடுத்த கன்னத்தில் அடக்குங்கள். இப்படி அரை மணி நேரம். பிறகு துப்பிக் காகிதத்தில் சுற்றி எறிந்துவிட வேண்டும்.

கம் போடுவதற்குக் கால்மணி நேரம் முன்பும், கம் வாயில் இருக்கும்போதும் காப்பி, டீ, கலர், எலுமிச்சைச் சாறு எதுவும் கூடாது. குடித்தால் மருந்து ஏறாது. டீக்கடையில் டீயும் கம்முமாக நின்றுவிட்டு, "ஒண்ணும் கேக்கலியே" என்றால் குற்றம் கம்மின் மேல் இல்லை.

காலையில் எழுந்து அரை மணிக்குப் பிறகுதான் முதல் பீடி என்பவர்களுக்கு 2 மில்லிகிராம் கம் போதும். எழுந்ததும் கட்டிலை விட்டு இறங்கும் முன்னே பீடியைத் தேடுகிறவர்களுக்குப் பழக்கம் கடுமையானது. அவர்களுக்கு 4 மில்லிகிராம் தேவைப்படலாம். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

முதல் 6 வாரம் ஒரு மணி அல்லது இரண்டு மணிக்கு ஒரு கம். ஒரு நாளைக்கு 24-க்கு மேல் போகவே கூடாது. அடுத்த 3 வாரம் இரண்டு முதல் நாலு மணிக்கு ஒன்று. கடைசி 3 வாரம் நாலு முதல் எட்டு மணிக்கு ஒன்று. ஆக 12 வாரத்தில் முடிந்துவிடும். பலர் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று போட்டுப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரங்களில் கஞ்சத்தனம் கூடாது.

விக்கல், தாடை வலி, தொண்டை எரிச்சல் கொஞ்சம் வரலாம். மென்மையாக மென்றால் குறையும். மெல்ல முடியாத பல் செட்டுக்காரர்களுக்கு உடம்பில் ஒட்டுகிற நிகோடின் பட்டை உண்டு. நாளுக்கு ஒன்று, மயிர் இல்லாத சுத்தமான தோலில், இடம் மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். அதை டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

யார் யார் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது? கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், வயிற்றுப் புண் உள்ளவர்கள், பதினெட்டு வயது ஆகாதவர்கள். முக்கியமாக ஒன்று. கம்மைப் பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். நமக்கு மருந்தாக இருப்பது சின்னப் பிள்ளைக்கு விஷம். மென்று போட்ட சக்கையும் அப்படித்தான்.

இது மந்திரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்தில்லாமல் முயற்சி செய்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வென்றார்கள் என்றால், இந்த மருந்தின் துணையோடு பதினைந்து பதினாறு பேர் வெல்லலாம். ஆராய்ச்சிகள் காட்டுகிற கணக்கு அந்த அளவுதான். டாக்டர், செவிலியரின் ஆலோசனையும் சேர்ந்தால் இன்னும் கூடும். முதல் தடவை தோற்றவர் கெட்டுப் போனவர் அல்ல. நான் மூன்றாம் தடவையில்தான் விட்டேன்.

மின்சிகரெட் பற்றி

இனி ஊரில் இளவட்டங்கள் பேசுகிற விஷயம். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த என் தங்கை மகன் ஒருநாள் பேனா போல ஒன்றைக் காட்டினான். "மாமா, இது புகை இல்ல, வெறும் ஆவி. அப்பாவுக்குக் குடுத்தா பீடிய விட்டுருவாக" என்றான். அப்பா மேல் அவனுக்கு இருந்த அக்கறையை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். அதைப் பற்றி நியாயமாகவே பேசுவோம்.

மின்சிகரெட் 2003-ல் சீனாவில் உருவானது. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச்சுருள், நிகோடின் கலந்த திரவம். சுருள் சூடாகித் திரவத்தை ஆவியாக்குகிறது. அதை இழுக்கிறார்கள். எதுவும் எரிவதில்லை. ஆகவே பீடிப் புகையில் உள்ள பல நஞ்சுகள் இதில் குறைவு என்பது உண்மை. இங்கிலாந்தில் புகையை விட உதவும் நிலையங்களில் 886 பேரை வைத்துச் சோதித்து 2019-ல் முடிவு சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் மின்சிகரெட் வாங்கினவர்களில் நூற்றுக்கு 18 பேரும், கம், பட்டை வாங்கினவர்களில் நூற்றுக்கு 10 பேரும் புகையை விட்டிருந்தார்கள்.

"அப்ப அதுதானே நல்லது?" என்பீர்கள். அதே சோதனையின் மறுபாதியையும் கேளுங்கள். அப்படி விட்டவர்களில், மின்சிகரெட் கூட்டத்தில் நூற்றுக்கு 80 பேர் ஒரு வருஷத்துக்குப் பிறகும் மின்சிகரெட்டை விடவில்லை. கம், பட்டைக் கூட்டத்தில் அந்த மருந்தை விடாதவர் நூற்றுக்கு 9 பேர்தான். ஒரு கயிற்றை அவிழ்த்து இன்னொரு கயிற்றில் கட்டிக்கொண்டவர்களே அதிகம்.

அதோடு அந்தச் சோதனை மருத்துவ ஊழியர்களின் மேற்பார்வையில், தரம் பார்த்த பொருளை வைத்து நடந்தது. நம் ஊருக்குத் திருட்டுத்தனமாக வருகிற குப்பியில் என்ன இருக்கிறது என்று யாரும் பரிசோதிப்பதில்லை. அமெரிக்காவில் 2019-லும் 2020-ன் தொடக்கத்திலும் இப்படி ஆவி இழுத்த 2,807 பேர் நுரையீரல் கெட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்தும் ஒரு வகை வைட்டமின் எண்ணெயும் கலந்த கள்ளச் சரக்குதான் காரணம் என்று கண்டார்கள். கள்ளச் சரக்கின் ஆபத்து அதுதான். அந்தத் திரவத்தைப் பிள்ளைகள் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. பழ வாசனையும் மிட்டாய் வாசனையும் சேர்த்து வருவதால், பீடியைத் தொடாத பள்ளிக்கூடப் பையன்களும் இதைத் தொட்டுவிடுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தியாவில் 2019 முதல் மின்சிகரெட்டுக்குச் சட்டப்படி தடை உள்ளது. தயாரிப்பது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சரக்கைச் சேர்த்து வைத்தாலும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு அன்பளிப்பாக இதை வாங்கி வரவேண்டாம். என் தங்கை மகனிடமும் இதைத்தான் சொன்னேன். "மருந்துக் கடையில் கிடைக்கிற கம்மை வாங்கிக் கொடு, மூன்று மாதம் கூட இருந்து ஞாபகப்படுத்து" என்றேன்.

தேதி குறியுங்கள்

இனி கணவனும் மனைவியும் சேர்ந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

குறைப்பவர்கள் ஒரு தேதியோடு குறையுங்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம், கிணறு வெட்ட நாள் பார்க்கிறோம். இதற்கும் காலண்டரில் ஒரு நாளைக் குறியுங்கள். இன்றிலிருந்து இரண்டு அல்லது நாலு வாரத்துக்குள் இருக்கட்டும். அதுவரைக்கும் வாரா வாரம் குறையுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற பீடி, டீயோடு குடிக்கிற பீடி என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கம்மைப் போடுங்கள். குறைத்துக்கொண்டே வருகிற காலத்தில் கம் போட்டவர்கள் பின்னால் முழுக்க விடுவது கூடுதல் என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். குறித்த நாள் வந்ததும் கட்டு, தீப்பெட்டி, லைட்டர் எல்லாம் வீட்டை விட்டு வெளியே.

முதல் மூன்று நாள் கஷ்டம். முதல் வாரம் பெரிய வாரம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் தணியும். ஆசை ஒரு அலை மாதிரி வரும், சில நிமிஷத்தில் போய்விடும். அந்தச் சில நிமிஷத்துக்கு நாலு காரியம்: தள்ளிப் போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள், வேறு வேலையில் கையை வையுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்களில் அவர் எரிந்து விழுவார். சோற்றில் உப்பில்லை என்பார், உப்புக் கூடிவிட்டது என்பார். அது அவர் குணம் இல்லை, நிகோடின் இறங்குகிற கோளாறு. பதிலுக்குப் பதில் பேசாமல் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தவறி ஒரு பீடி குடித்துவிட்டு வந்தால், "நீங்க உருப்படவா போறீக" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்காக விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்காக அடி, வசவு எதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அப்படி நடந்தால் செவிலியர் அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அண்ணாச்சிமார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி உண்டாகியிருந்தால், விடும் வரைக்கும் வீட்டுக்குள்ளும் வாசலிலும் குடிக்காதீர்கள். அந்தப் புகை பிள்ளையின் எடையைக் குறைக்கும். பிறந்த பிள்ளைக்குச் சளி, நிமோனியா, காது நோய், இளைப்பு எல்லாம் கூடும். தொட்டிலில் தூங்குகிற பச்சைப் பிள்ளை திடீரென்று இறந்துபோவதற்கும் புகை ஒரு காரணம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது சரியல்ல.

செலவையும் பார்ப்போம். ஒரு நாளைக்கு 30 ரூபாய்க்குப் புகைக்கிறவர் மாதத்துக்கு 900 ரூபாயும், வருஷத்துக்கு 10,950 ரூபாயும் எரிக்கிறார். கம்மும் காசுதான். முதல் மாதத்தில் பீடிச் செலவை விடக் கூடவே ஆகலாம். ஆனால் கம்முக்கு மூன்று மாதத்தில் முடிவு உண்டு, பீடிக்கு முடிவு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் கேளுங்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான ஆலோசனை உண்டா என்று அங்கே சொல்லி அனுப்புவார்கள். வர முடியாதவர்கள் 1800 11 2356 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். காசு கிடையாது. பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் அச்சடித்திருக்கிற எண்தான் அது. வாங்குகிற கட்டிலேயே விடுகிற வழியும் எழுதியிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை.

விட்டால் என்ன கிடைக்கும்? இருபது நிமிஷத்தில் நாடித் துடிப்பு இறங்கும். ஓரிரு நாளில் நச்சு வாயு இரத்தத்தை விட்டுப் போகும். சில மாதத்தில் இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும். ஒரு வருஷத்தில் இருதய நோயின் கூடுதல் அபாயம் பாதியாகும். பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோயால் சாகும் அபாயம், விடாதவரோடு ஒப்பிட்டால், ஏறக்குறையப் பாதியாகும். வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பயன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

முதலில் கேள்வி கேட்ட தாய்க்குப் பதில் சொல்லி முடிக்கிறேன். அம்மா, இரண்டு கட்டிலிருந்து அரைக் கட்டுக்கு வந்தவர் சாதாரண ஆள் இல்லை. முக்கால் வழி வந்துவிட்டார். அண்ணாச்சி, நீங்கள் இன்னும் கால் வழிதான் நடக்க வேண்டும். நான் அந்த இடத்திலேயே நாலு வருஷம் உட்கார்ந்து வீணாக்கினவன். நீங்கள் நாலு வாரத்துக்கு மேல் உட்காராதீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் இருவரும் சேர்ந்து காலண்டரை எடுத்து ஒரு நாளைக் குறியுங்கள். அடுத்த மாதம் செவிலியர் அம்மா வரும்போது அந்தத் தேதியைக் காட்டுங்கள். நானும் வந்து பார்க்கிறேன்.

குறைப்பது தொடக்கம். விடுவதே குடும்ப நலம்.